மருதங்குடாப் பூங்காவில் பிடுங்கப்பட்ட நான்கு முளைகள்

அனுப்புநர்:
திருமதி வே. சீதேவிப்பிள்ளை,
அமைய ஊழியர் (துப்புரவு), வாவிக்கரைப் பூங்கா,
இல. 14, தோணிக்கரை ஒழுங்கை,
மருதங்குடா.

பெறுநர்:
தவிசாளர் அவர்கள்,
நகர சபை,
மருதங்குடா.

ஊடாக: மேற்பார்வையாளர், வாவிக்கரைப் பூங்கா.

விடயம்: பொது மலசலகூடத்துக்கு அடிக்கப்பட்ட முளைகள் காணாமற்போனமைக்கான விளக்கமும், அதனை வேலி மூலையில் கட்டாது வாசலடியில் கட்டித் தருமாறு கோரலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகத்தின் 11.10.2010 ஆம் திகதிய விளக்கம் கோரும் கடிதம் பூங்காவின் காவலாளி திரு. வினாயகமூர்த்தி அவர்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. மலசலகூடத்தின் அத்திவாரத்துக்காக 07.10.2010 வியாழக்கிழமை அடிக்கப்பட்ட, சிவப்புத் துணி கட்டிய நான்கு முளைகளும் மறுநாள் காலையில் எங்கே போயின என்று அதில் கேட்கப்பட்டிருக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது. முளைகளைப் பிடுங்கியவள் நான். அவை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் உரப்பையில் பத்திரமாக இருக்கின்றன. துணியைக்கூட நான் அவிழ்க்கவில்லை.

கடிதம் கைக்குக் கிடைத்த நேரம் தொடக்கம் வினாயகமூர்த்தி அவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் முளையென்ன, ஒரு புல்லைக்கூடப் பிடுங்காத மனிதர். புல்லுப் பிடுங்காததற்காக நானே அவருடன் பலமுறை வாய்த்தர்க்கம் செய்திருக்கிறேன். ஆகவே அவருக்குக் கொடுத்த கடிதத்தைத் தயவுசெய்து மீளப்பெற்று, என் பெயருக்கு எழுதுமாறு முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

2. எனக்குப் பேய் பிடித்துவிட்டதாகவும், யாரோ ஒரு கட்சிக்காரர் தூண்டிவிட்டதாகவும் ஊரில் இப்போதே கதை அடிபடத் தொடங்கிவிட்டது. என்னை ஒருவரும் தூண்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கூட்டும் வேலைக்கு வந்தபோது, விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடுங்கினேன். மூன்று முளைகள் இலேசாக வந்தன. நாலாவதை ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சபையின் உடைமையில் கை வைத்தது குற்றம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் ஏன் பிடுங்கினேன் என்பதைத் தாங்கள் கடைசிவரை வாசிக்க வேண்டும் ஐயா. சுருக்கமாக எழுதச் சொல்லி நூலகத்தில் வேலை செய்யும் செல்வி நிருஷா புத்தி சொன்னார். என்னால் சுருக்க முடியவில்லை.

3. என் சொந்த ஊர் பனிச்சங்கேணி. கணவர் வேலுப்பிள்ளை வாவியில் இறால் பிடித்தவர். 26.12.2004 ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்பக்கம் கரைவலை இழுக்க ஆள் போதாது என்று கூப்பிட்டார்கள் என்று போனவர். அவரைப் பிறகு நாங்கள் காணவில்லை. எனக்கு மிஞ்சியது ஒரே மகள், கம்சாயினி. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

ஊரில் மாதர் சங்கத்தின் செயலாளராக ஆறு வருடம் இருந்தேன். கூட்டறிக்கைக் கொப்பியை ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதியவள் நான். இதனைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் காரியத்துக்கும் இந்தச் செயலாளர் பதவிக்கும் சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன்.

4. 05.10.2010 செவ்வாய்க்கிழமை தங்கள் தலைமையில் நடந்த கூட்டத்தில் மலசலகூடத்தை எங்கே கட்டுவது என்று தீர்மானிக்கப்பட்டது. அந்தக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. தேநீர் பரிமாற வந்து கதவடியில் நின்றேன். ஆகையால் எல்லாம் என் காதில் விழுந்தது.

தொழினுட்ப உத்தியோகத்தர் திரு. சிவதர்ஷன் முதலில் படத்தில் விரலை வைத்தது வாசலடியில்தான். தண்ணீர்க் குழாயும் மின்கம்பமும் அங்கேதான் இருக்கின்றன என்று சொன்னார். உடனே, அங்கே சுனாமி நினைவுக்கல் நிற்கிறது, செத்தவர்களுக்குப் பக்கத்தில் கக்கூசு கட்டுவதா என்று கேட்டார்கள். சரியென்று கிழக்கே காட்டினார். கோயில் மதிலுக்குக் கிட்ட ஆகாது என்று கோயில் நிருவாகம் பார்க்கும் வண்ணக்கர் திரு. கந்தப்போடி அவர்கள் சொன்னார். மேற்கே காட்டினார். தொழுகைக்குப் போகிற பாதை என்று பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஜனாப் அப்துல் மஜீத் அவர்கள் சொன்னார். வடக்கே பிள்ளைகளின் ஊஞ்சல். இப்படியே விரல் பின்னுக்குப் பின்னுக்குப் போய், கடைசியில் வாவியோரக் கண்டல் பற்றைக்குப் பக்கத்து வேலி மூலையில் போய் நின்றது. அங்கே பழைய குழி ஒன்று இருக்கிறது, தோண்டுகிற வேலையும் மிச்சம் என்று சிவதர்ஷன் சொன்னார். எல்லாருடைய முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. அப்போது வண்ணக்கர் ஐயா சொன்னதைத் தாங்களும் குறித்துக்கொண்டீர்கள்:

“அதுதான் நல்ல இடம். குமர்ப் புள்ளையள் போறது வாறது ஒருத்தர்ர கண்ணுக்கும் படாது. மரியாதையா இருக்கும்.”

இந்த வசனத்தைக் கேட்டதும் தேநீர்த் தட்டத்தை வாங்கில் வைத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். மூன்று பேருக்குத் தேநீர் கிடைக்கவில்லை என்று பிறகு மேற்பார்வையாளரிடம் முறைப்பாடு வந்ததாம். அதற்கும் இதுவே என் விளக்கம்.

5. வண்ணக்கர் ஐயா மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த வசனம் அவருடையதே இல்லை. அது என்னுடையது. நான்கு வருடத்துக்கு முன்னர், இதே நிலத்தில் நின்று, இதே மூலையைக் காட்டி நான் சொன்னது.

தாங்கள் தவிசாளராக வருவதற்கு முன்னர் இந்தப் பூங்கா எப்படி இருந்தது என்று தங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2006 மார்கழி மாதத்தில் எங்கள் பக்கத்தில் சண்டை மூண்டு, காட்டு வழியாகவும் தோணியிலும் வந்து சேர்ந்த சனத்துக்கு இந்த வெற்றுக் காணியில்தான் கூடாரம் அடித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். இப்போது ஊஞ்சல் நிற்கும் இடத்தில் பொதுச் சமையல். நினைவுக்கல் அப்போதே வாசலில் இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் தண்ணீர்த் தாங்கி. எங்களுடைய கூடாரம் தாங்கியிலிருந்து ஏழாவது.

ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து பொறியியலாளர் ஒருவர் வந்தார். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. பெண்களுக்கு எட்டு மலசலகூடம் கட்ட வேண்டும் என்று, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், மின்குமிழ் வெளிச்சம் விழும் இடத்தில், முளை அடித்தார். அடித்துவிட்டு, முகாமில் பெண்களுக்குப் பொறுப்பு யார் என்று விசாரித்தார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். நான் சங்கத்துச் செயலாளர் அல்லவா. இடம் சரியா என்று என்னிடம் கேட்டார். அந்த மரியாதை அவருக்கு இருந்தது.

நான் சொன்னேன்: “இஞ்ச கட்ட ஒண்ணா தம்பி. ஆம்புளையள் தண்ணிக்கு நிக்கிற இடம். குமர்ப் புள்ளையள் போறது வாறது ஒருத்தர்ர கண்ணுக்கும் படக்கூடா. அங்கால, வேலி மூலைக்குப் போடுங்க.”

அது தூரம் அம்மா, வெளிச்சமும் இல்லை என்று அவர் சொன்னார். நான் விடவில்லை. சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் அடித்த முளைகளை நானே பிடுங்கிக்கொண்டு போய் மூலையில் குத்தினேன். அன்றைக்கு எல்லாப் பெண்களும் என்னை மெச்சினார்கள். மானத்தைக் காப்பாற்றிவிட்டாய் என்று சொன்னார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன் ஐயா.

6. மலசலகூடம் கட்டி மூன்றாம் கிழமை வேலிக்கு வெளியே படையினர் காவலரண் ஒன்று போட்டார்கள். அங்கே நின்றவர்கள் பிழையாக ஏதும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். கண்டல் பக்கமாக மீன்பிடிக்கப் போகிறவர்களும் அந்த வழியால்தான் போவார்கள். கூடாரங்களின் முதுகு எல்லாம் அந்தப் பக்கம். ஒரு பிள்ளை கூப்பிட்டால் ஒரு தாய்க்கும் கேட்காது. ஒருவர் கண்ணிலும் படாத இடம் என்று நான் தேடிக் கொடுத்த இடத்தில், கண்டால் ஆகாதவர்கள் காண்பார்கள், காண வேண்டிய நாங்கள் காணமாட்டோம் என்று ஆகிவிட்டது.

குமருகள் பகலில் அங்கே போவதை விட்டார்கள். விடியமுன்னர் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து ஒரு தரம் போய் வருவார்கள். பொழுதுபட்ட பிறகு ஒரு தரம். என் மகளும் அவர்களோடு போய் வருவாள். நடுவிலே முழுப் பகலும் அடக்கிக்கொண்டு இருப்பதென்றால் அதற்கு ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான். அதை அவர்கள் தங்களுக்குள்ளே பேசி ஒரு பழக்கமாக ஆக்கிக்கொண்டார்கள். பெரியவர்களாகிய எங்களுக்குச் சொல்லவில்லை.

தாங்கியிலிருந்து எங்கள் கூடாரத்துக்குத் தினமும் இரண்டு கலன் தண்ணீர் எடுத்து வருவது கம்சாயினிதான். பக்கத்துக் கூடாரத்துக் கிழவிக்கும் அவள்தான் கொண்டுவந்து கொடுப்பாள். பங்குனி, சித்திரை வெயிலில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பது மாதிரி. நான் கோப்பையை நீட்டினால் ஒரே பதில்: “எனக்குத் தண்ணி விடாய் இல்லம்மா, நீங்க குடிங்க.” தகப்பனை இழந்த பிள்ளை, எனக்காகத் தன் பங்கை விடுகிறாள் என்று நினைத்து நான் குடித்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் எழுத வேண்டும். மறைத்தால் இந்த மனு பொய்யாகிவிடும். மற்றத் தாய்மாரோடு கதைக்கும்போது, என்ட புள்ள பகலில் ஒருநாளும் அந்தப் பக்கம் தலைகாட்டாது என்று நான் பெருமை பேசினேன். அவ்வளவு அடக்கமான பிள்ளை என்று நாலு பேர் சொல்லக் கேட்க வேண்டும் என்பதற்காகவே பேசினேன்.

7. சித்திரை கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதுகு உளைகிறது என்றாள். வெயிற்சூடு என்று நினைத்து மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு வைத்துவிட்டாள். ஆறாம் நாள் நடுக்கம் எடுத்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வாட்டில் வைத்தியர் என்னிடம் கேட்டார், மகள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சிறுநீர் கழிப்பா என்று. எனக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்துவிட்டாள். எவ்வளவு தண்ணீர் குடிப்பா என்று கேட்டார். “அவவுக்குத் தண்ணி விடாய்க்கிறல்ல சேர்” என்று நான் சொன்னேன். அதை ஒரு நல்ல குணத்தைச் சொல்வது மாதிரிச் சொன்னேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகுதான் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். அதற்கு முன்னர் முகாம்களிலிருந்து இன்னும் நான்கு பிள்ளைகள் இப்படி வந்தார்களாம். அவர்கள் மருந்தோடு சுகப்பட்டுப் போய்விட்டார்கள். என் மகளைக் கொண்டுவருவதற்கு நான் பிந்திவிட்டேன். பதினொரு நாள் வாட்டில் இருந்தாள். 17.05.2007 அன்று மோசம் போய்விட்டாள். இறப்புப் பத்திரத்தில் சிறுநீரகத்தில் கிருமி என்று எழுதினார்கள். பிறவியிலேயே ஏதும் பலவீனம் இருந்திருக்கலாம் என்றும் வைத்தியர் சொன்னார். என்னை ஆற்றுவதற்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கடைசிக்கு முதல் நாள் மருத்துவத்தாதி சேலைன் மாற்றிக்கொண்டிருக்கும்போது மகள் என்னிடம் ஒன்று சொன்னாள். “இஞ்ச கக்கூசு கட்டிலுக்குக் கிட்ட இருக்கம்மா. அதனால நான் இப்ப நல்லாத் தண்ணி குடிக்கிறன்” என்றாள். நான் சந்தோசப்பட வேண்டும் என்று சொன்னாள். இதை நான் இதுவரை எவரிடமும் சொல்லவில்லை. தங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

8. அவளை மருதங்குடா இடுகாட்டில்தான் புதைத்தோம். ஊருக்கு மீள்குடியேற்றம் என்று பஸ் வந்தபோது எல்லாரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை. 2009 மே மாதத்தில் சண்டை முடிந்தது என்று வீதியில் வெடி கொளுத்தினார்கள். நான் அவளுடைய இரண்டாம் ஆண்டுத் திவசத்தை முடித்துவிட்டு, அடுத்த நாள், குழிமேட்டில் புல்லுச் செதுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று வழியால் போனவர்கள் சொன்னார்கள். கொஞ்சக் காலத்தில் காவலரணையும் எடுத்துவிட்டார்கள். இந்தச் சித்திரையில் பூங்கா திறந்தபோது, துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானாகக் கேட்டு வந்தேன். ஏன் வந்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

9. நடந்து முடிந்ததற்கு இப்போது என்ன செய்வது என்று தாங்கள் கேட்கலாம். முடியவில்லை ஐயா. வாசலில் கச்சான் கடலை விற்கும் திருமதி சித்தி நபீஸா காலை ஒன்பது மணிக்கு வந்து பின்னேரம் ஆறு மணி வரைக்கும் இருப்பவர். சுனாமியில் வீட்டையும் புருசனையும் பறிகொடுத்தவர். பூங்காவில் போக்கிடம் இல்லாதபடியால் பகலில் தேநீர்கூடக் குடிப்பதில்லை. அவருடைய மகள் ஷஸ்னா எட்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தாயிடம் வந்து கச்சானுக்குக் கடதாசிச் சரை சுற்றிக் கொடுப்பாள்.

வியாழக்கிழமை பின்னேரம் முளை அடித்து முடிந்து ஆட்கள் போன பிறகு நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். சித்தி நபீஸா மகளுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பிள்ளை அதை வாங்கி, குடிக்கிற மாதிரி வாயில் வைத்து எடுத்துவிட்டு, தாய் மற்றப் பக்கம் திரும்பின நேரம் வேப்பமரத்தடியில் ஊற்றினாள். ஏன் புள்ள ஊத்துறாய் என்று நான் கேட்டேன்.

“எனக்கு விடாயில்ல மாமி” என்றாள்.

ஐயா, அந்தப் பிள்ளைக்குத் தெரியாது நான் யாரென்று. அவள் உதடு வெடித்திருந்தது. நான் வீட்டுக்குப் போனேன். விடிந்ததும் வந்து முளைகளைப் பிடுங்கினேன். நான் செய்ததற்கு இதைவிட வேறு காரணம் கிடையாது.

அன்றைக்கே சித்தி நபீஸாவைக் கூப்பிட்டு, மகள் தண்ணீரை ஊற்றுவதையும், என் வீட்டில் நடந்ததையும் சொன்னேன். அவர் அழுதார். பிறகு, வாசலில் கட்டினால் நான் காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் கதவைப் பார்த்துக்கொள்வேன், சபை எனக்கு ஒன்றும் தரத் தேவையில்லை என்றார். ஷஸ்னா இப்போது தண்ணீர் குடிக்கிறாள். இடைநேரத்தில் பத்து நிமிடம் நடந்து என் வீட்டுக்குப் போய் வருகிறாள். ஆனால் பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் என் வீடு காணாது.

10. வாசலடியில் கட்டினால் இறந்தவர்களுக்கு அவமரியாதை என்று சொல்லப்பட்டதற்கு நான் மறுமொழி சொல்ல வேண்டும். அந்த நினைவுக்கல்லைத் தினமும் துடைப்பவள் நான். அதில் என் கணவரின் பெயர் இல்லை, அவர் வேறு ஊர்க்காரர். இருந்தும் மார்கழி இருபத்தாறில் நான் விளக்கு வைப்பது அந்தக் கல்லில்தான். அதே கடல் கொண்டுபோன ஆள் என்றபடியால் ஒருவரும் தடுத்ததில்லை. ஆகவே செத்தவர்கள் பக்கத்துக்காக ஒரு வார்த்தை பேச எனக்கும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாங்கள் கல்யாணம் முடித்த புதிதில் எங்கள் வளவில் மலசலகூடம் இல்லை. விடியற்பொழுதில் பெண்கள் எல்லாம் கண்டல் கரைக்குத்தான் போக வேண்டும். நான் போகும்போது அவரும் கூட வந்து, ஒற்றையடிப் பாதையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தூரத்தில் ஆள் வந்தால் இருமுவார். மற்றப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் இருமுவார். ஊரில் பாதிப்பேர் அவருக்கு நெஞ்சு வருத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு கடன்பட்டுக் கிணற்றடிக்குக் கிட்ட அவரே ஒன்று கட்டினார். அப்படிப்பட்ட மனுசனுக்குப் பக்கத்தில் குமருகள் போய்வர ஓர் இடம் இருந்தால் அவர் கோபிக்க மாட்டார். கல்லில் பெயர் உள்ள மற்றவர்களும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள்தானே. அவர்களைக் காட்டி நாம் ஒரு பிள்ளையை வேலி மூலைக்கு அனுப்பக்கூடாது.

11. ஆகவே பின்வருவனவற்றைத் தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

(அ) மலசலகூடத்தை வாசலடியில், குழாய்க்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் கட்டித் தரவும். வாசலிலிருந்து அந்த இடத்துக்கு நடந்தால் இருபத்திரண்டு எட்டு. வேலி மூலை நூற்றுத் தொண்ணூறு எட்டு. தினமும் கூட்டுகிறபடியால் எனக்குக் கணக்குத் தெரியும். கதவு வீதியைப் பார்க்காமல் கச்சான் கடையைப் பார்க்கட்டும். முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவர் வைத்தால் போதும். உள்ளே நடப்பது தெரியாது, போய் வருவது தெரியும். தெரிய வேண்டும் ஐயா. போன பிள்ளை வந்துவிட்டதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

(ஆ) மூலையிலுள்ள பழைய குழியைத் தயவுசெய்து மண் போட்டு மூடவும். அதைத் தோண்டும்போது பக்கத்தில் நின்றவள் நான். அதைத் திரும்பத் திறந்தால் அந்தப் பக்கம் கூட்டுவதற்கு என்னால் முடியாது.

(இ) இன்னொரு கூட்டம் வைத்தால், வரும் பெண்களிடமும் கேட்கவும். பெண்களிடம் என்று நான் சொல்வது என்னைப் போன்ற பெரியவர்களை மாத்திரம் அல்ல. பெரியவள் என்று என்னிடம் கேட்டார்கள், நான் பிழையாகச் சொன்னேன். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஆண்கள் இல்லாத அறையில் வைத்து, எங்கே கட்டினால் நீ தண்ணீர் குடிப்பாய் என்று கேளுங்கள். எங்கே கட்டினால் மரியாதை என்று கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் அந்தப் பிள்ளைகளும் மூலையைத்தான் காட்டுவார்கள்.

12. மாரி தொடங்குமுன்னர் அத்திவாரம் போட்டுவிட வேண்டும் என்று தாங்கள் அவசரப்படுவது எனக்குத் தெரியும். என்னால் ஆறு நாள் பிந்திவிட்டது, மன்னிக்கவும். முளைகளைத் திருப்பித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். தாங்கள் ஒரு சொல் சொன்னால் வாசலடியில் நானே என் கையால் அடித்துத் தருவேன். இல்லை, மூலையில்தான் என்று சபை முடிவெடுத்தால், உரப்பையோடு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, வேலையிலிருந்தும் விலகிக்கொள்கிறேன். மூலையில் மட்டும் என்னை அடிக்கச் சொல்ல வேண்டாம்.

நான் என் வாழ்நாளில் முளை பிடுங்கியது இரண்டு தடவை. இந்தத் தடவை மூன்றாம் நாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. முதல் தடவை நான் பிடுங்கியபோது ஒருவரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை ஐயா.

தங்கள் மறுமொழியை வாசற் குழாயடியில் பார்த்திருக்கும்,

(ஒப்பம்) வே. சீதேவிப்பிள்ளை

இடம்: மருதங்குடா
திகதி: 13.10.2010

பிரதி: திரு. வினாயகமூர்த்தி, காவலாளி (தகவலுக்கும், இனியாவது சாப்பிடுவதற்கும்).